தோட்டத்துப் பிள்ளைகள் மீண்டெழ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு. தோட்டம் கைமாறிய பிறகு டவுன் ஓரத்து மலிவு வீடுகளுக்கு வந்த குடும்பங்களும் உண்டு. வருமானமும் நிலையில்லை, வீட்டு நிம்மதியும் நிலையில்லை என்ற வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றி வரும் கேள்விகள் இவை. சிலவற்றைப் பிள்ளைகளே கேட்கிறார்கள். சிலவற்றை அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, ஆசிரியர் ஆகியோர் கேட்கிறார்கள். யார் கேட்டாரோ அவருக்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உரமாகும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பசியும் அடியும் யாரையும் உரமாக்குவதில்லை. அவற்றுக்கு நடுவே அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன கிடைத்தது என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

இதை நீண்ட காலம் பொறுமையாகப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. அந்தக் காலத்தில் அது கரும்புத் தோட்டத் தீவு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். நம் கதைக்குத் தூரமில்லை. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடி, பெற்றோர் சண்டை, மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்கள். அந்தச் சுமைப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, பிறர்மேல் அக்கறையுள்ளவராக வளர்ந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை மூன்று: பெற்றோர் தடுமாறினாலும் விட்டுப்போகாத ஒரு பெரியவர், அந்தப் பிள்ளையை நம்பி வீட்டிலோ வெளியிலோ ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பு, வீட்டுக்கு வெளியே தனக்கென்று ஓர் இடம், அது பள்ளியாகவோ கோயிலாகவோ நண்பன் வீடாகவோ இருக்கலாம்.

தாக்குப்பிடிப்பது வேறு, மீண்டெழுவது வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து ‘இவன் கெட்டிக்காரன், சமாளித்துக்கொள்வான்’ என்று விட்டுவிடுவதுதான் பெரியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

அண்ணன் மகனுக்கு நான் அந்த ‘ஒரு பெரியவராக’ இருக்க விரும்புகிறேன். என்னிடம் காசு இல்லை. என்ன செய்வது?

காசு தேவையில்லை அத்தை. கிழமையும் மணியும்தான் தேவை. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், முக்கால் மணி நேரம் போதும். புதன்கிழமை நாலு மணி என்று வைத்தால், அது எல்லா வாரமும் புதன் நாலு மணியாகவே இருக்கட்டும். வீட்டில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடப்பதைப் பார்க்காத பிள்ளைக்கு, சொன்னபடி நடக்கும் ஒரே ஒரு விஷயம் பெரிய பிடிமானம்.

ஒரு குவளை மைலோ, பிஸ்கட், வீட்டுப்பாடம், கொஞ்சம் பேச்சு. கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். ‘நேத்து அப்பா குடிச்சாரா?’ என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் வரமாட்டான். அவன் அப்பாவைத் திட்டவும் திட்டாதீர்கள். தான் ஏச நினைக்கும் ஆளாக இருந்தாலும், வேறொருவர் ஏசினால் பிள்ளை அப்பா பக்கம்தான் சாயும். உங்களிடம் பேசுவது நின்றுவிடும்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். முதல் மாதம் உற்சாகமாக வாரம் மூன்று நாள் கூப்பிடுவார்கள், பிறகு வேலை வந்து விட்டுவிடுவார்கள். தொடங்காமலே இருந்திருப்பதைவிட அது மோசம். வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், அடுத்த புதன் உண்டு என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். கையில் பணம் கொடுக்காதீர்கள். அது வீட்டில் யார் கைக்காவது போய், அதனால் ஒரு சண்டை வரும்.

எனக்கு 14 வயது. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் இரவில் நான் என்ன செய்யணும்?

முதலில் ஒன்று. அவர் குடிப்பது உன்னால் இல்லை தம்பி. அதை நிறுத்துவதும் உன் வேலை இல்லை. உன் வேலை நீயும் தம்பி தங்கையும் காயமில்லாமல் விடிவதுதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்காதே. போத்தலைப் பிடுங்காதே, சாராயத்தைக் கொட்டாதே. சம்சு என்னும் மலிவுச் சாராயமோ பீரோ, கொட்டினால் கோபம் உன்மேல் திரும்பும். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசாதே. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் மறுநாள் காலை, அவர் சாப்பிட்ட பிறகு பேசு. சத்தம் ஏறும்போது குசினிக்குப் போகாதே, அங்கே கத்தி இருக்கிறது. குளியலறையில் ஒளியாதே, அங்கிருந்து வெளியேற வேறு வழி இல்லை. வாசலுக்குப் பக்கத்து அறையில் இரு. சின்னவர்கள் கையைப் பிடித்து, செருப்போடு வெளியே போ.

எந்த வீட்டுக்குப் போவது என்பதைச் சண்டை இல்லாத ஒரு பகலில் முடிவுசெய். அந்த வீட்டு அக்காவிடமோ பாட்டியிடமோ இப்போதே கேட்டுவை. ஒரு சொல்லையும் பேசிவைத்துக்கொள். ‘பாட்டி, சீனி இருக்கா?’ என்று தங்கை வந்து கேட்டால் ஆபத்து என்று அவர்களுக்குப் புரியட்டும். ஒரு பையைத் தயார்செய்து அந்த வீட்டிலேயே வை. உன் வீட்டில் வைத்தால் அவசரத்தில் எடுக்க முடியாது. பள்ளிச் சீருடை ஒரு செட், பிறப்புப் பத்திர நகல், யாராவது சாப்பிடும் மருந்து, 20 ரிங்கிட் சில்லறையாக, பழைய சார்ஜர்.

ஆயுதம் எடுத்தாலோ, கழுத்தைப் பிடித்தாலோ, இரத்தம் வந்தாலோ 999 என்ற அவசர எண்ணை அழை. கைப்பேசியில் காசு இல்லாவிட்டாலும் அந்த எண் போகும். முதலில் இடத்தைச் சொல்: தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், லயத்து எண் அல்லது லோரோங் (சந்து), பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது கடை. தோட்டத்து வழி தெரியாமல் போலீஸ் வண்டி சுற்றுவது வழக்கம். சாலை முனையில் பெரியவர் ஒருவரை நிற்கச் சொல். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்றால் 15999, தாலியான் காசே (Talian Kasih) என்னும் அரசாங்க உதவி எண். அது 24 மணி நேரமும் இயங்கும், பிள்ளைகளே அழைக்கலாம்.

அம்மாவாகிய எனக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? புகார் கொடுத்தால் அவர் இன்னும் அடிப்பாரே?

அந்தப் பயம் நியாயமானது. புகார் கொடுத்த இரவு அதே வீட்டுக்குத் திரும்புவதுதான் ஆபத்து. அதனால் வரிசை முக்கியம்.

காயம் இருந்தால் முதலில் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு. அங்கே ‘வீட்டில் அடித்தார்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விழுந்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பதிவு பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும். ஒரே இடத்தில் மருத்துவர், போலீஸ், நல அதிகாரி மூவரையும் இணைக்கும் ஏற்பாடு பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உண்டு. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி, சமூக நல இலாகா அதிகாரி அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அது 7 நாள் செல்லும். போலீஸ் புகார் கொடுத்த பிறகு, விசாரணை முடியும் வரைக்குமான இடைக்கால உத்தரவை மாஜிஸ்திரேட் தருவார். அந்த 7 நாளுக்குள் இடைக்கால உத்தரவுக்கு விண்ணப்பித்தால்தான் பாதுகாப்பு விட்டுப்போகாமல் தொடரும் என்பதைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட நல அலுவலகத்தைத்தான் நாட வேண்டும்.

பிள்ளை அடிபடுவது தெரிந்த குடும்பத்தாருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம், குடும்ப உறுப்பினரும் மருத்துவரும் குழந்தைப் பராமரிப்பாளரும் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. ‘குடும்ப விஷயம், நமக்கெதற்கு’ என்று சித்தப்பா ஒதுங்க முடியாது.

அவர் குடியை விடுகிறேன் என்கிறார். வீட்டில் பூட்டி வைத்தால் விட்டுவிடுவாரா?

பூட்டாதீர்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. பேய் பிடித்தது என்று சாமியாடியிடம் போகும் நிலை இதுதான். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள்.

பத்திரங்கள் எதுவும் ஒழுங்காக இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

அம்மாவின் அடையாள அட்டையிலிருந்து. மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். மருத்துவமனைக் கடிதம், கிளினிக் தடுப்பூசிப் புத்தகம், பாலர் பள்ளிப் பதிவு, பிறப்பை அறிந்த பெரியவர் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். 12 வயதில் மைகார்டு என்னும் அடையாள அட்டை, 18-இல் மீண்டும் மாற்ற வேண்டும். 12-இல் தவறியவர்கள் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுப் பதிவின்போதுதான் விழிக்கிறார்கள்.

தாலி கட்டிய கல்யாணம், ஆனால் பதியவில்லை என்பது தோட்டங்களில் சாதாரணம். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் மலேசியர், பிள்ளை இங்கே பிறந்தது என்றால் சிக்கல் குறைவு. தாய் வெளிநாட்டவராகவோ பத்திரமில்லாதவராகவோ இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடலாம். அந்த நிலையில் தரகரிடம் பணம் கட்டாதீர்கள். தேசியப் பதிவு இலாகாவுக்கே போங்கள், கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்து, நம்பும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். அடையாள அட்டையையோ ஏ.டி.எம். கார்டையோ ஆலோங் என்னும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் அடகு வைக்காதீர்கள். அடுத்தவர் அடையாள அட்டையைப் பிடித்துவைப்பதே குற்றம்.

சம்பளம் வந்து பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு எதைக் காப்பாற்றுவது?

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 போய், சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் போனால் கைக்கு 1,500 சொச்சம். இதில் முழு மாதத்தையும் திட்டமிடச் சொல்வது நடக்காத காரியம். அதனால் சம்பள நாளன்றே மூன்று விஷயங்களை மட்டும் முடித்துவிடுங்கள்: அரிசி, கேஸ், பள்ளி வேன். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ என்றால் 10 கிலோ மூட்டை மூன்று. உள்ளூர் வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை மூட்டைக்கு 26 என்பதால் 78 ரிங்கிட். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்), கடையில் போய் எடுத்தால் 26.60. இரண்டும் 105 ரிங்கிட்டுக்குள் முடிகிறது. உள்ளூர் அரிசி கடையில் இல்லாத வாரமும் வரும், அப்போது இறக்குமதி அரிசிக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருக்கும். அதனால்தான் சம்பள நாளன்றே வாங்கச் சொல்கிறோம். சோறும் அடுப்பும் பள்ளியும் நிச்சயம் என்று தெரிந்தால் பிள்ளையின் பாதிப் பயம் போய்விடும்.

மாதக் கடைசியில் பெரிய முடிவு எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. அதே ஆள்கள்தான். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய காலத்தில் யோசிக்கும் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள். அறுவடைப் பணம் வந்ததும் தேறினார்கள். ஏழைக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: கவலை அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பள்ளி மாற்றம், கடன், விண்ணப்பப் பாரம், எல்லாம் சம்பளம் வந்த வாரத்தில்.

கடன் கழுத்துவரை வந்திருந்தால் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசம். உரிமம் பெற்ற வட்டிக்கடை, அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் கேட்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளியில் என்ன உதவி கேட்கலாம்?

ஆரம்பப் பள்ளியில் ஆர்.எம்.டி. இலவச உணவு. ஏழை மாணவர் அறநிதி உதவி. ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்கு 150 ரிங்கிட் தொடக்க உதவி. வருமானம் மிகக் குறைவென்றால் நல இலாகாவின் மாதாந்திரச் சிறார் உதவி தனி. வகுப்பில் எழுந்து நிற்கவைத்து ‘யார் யாருக்கு இலவச உணவு’ என்று கேட்காதீர்கள் ஆசிரியர்களே. பசித்தாலும் கை தூக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்பா இறந்துவிட்டார். வருமானமே நின்றுவிட்டது.

சொக்சோவுக்கு உடனே போங்கள். வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ நடந்த விபத்து என்றால் சார்ந்தோருக்கு மாதப்பணம் உண்டு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை, உயர்கல்வி படித்தால் முதல் பட்டம் முடியும் வரை. நோயில் இறந்திருந்தாலும் சந்தா கட்டியிருந்தால் பிழைத்தோர் ஓய்வூதியம் கிடைக்குமா என்று கேளுங்கள். சேமநிதியில் யார் பெயர் நியமனத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பெயர் அப்படியே கிடப்பதுதான் வழக்கமான சிக்கல். உயிரோடு இருக்கும் அப்பாக்கள் இந்த வாரமே சரிபார்க்கலாம்.

வீட்டில் படிக்கவே முடியவில்லை. சத்தம், டிவி, ஆள் நடமாட்டம்.

இரவில் போராடாதே. ஒன்பது மணிக்குப் படுத்து நாலரைக்கு எழு. பால் வெட்டப் போகிறவர்கள் எழும் நேரம்தான். விளக்கு எரியும், வீடு அமைதியாக இருக்கும். இருபத்தைந்து நிமிடம் கணக்கு, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடியும் இருபத்தைந்து நிமிடம் மலாய். அவ்வளவுதான்.

மலாய்தான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை சறுக்கும் இடம். இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ எல்லாப் பாடமும் மலாயில் வரும்போது, கணக்கு தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் நிற்கும். ஐந்தாம் ஆண்டிலிருந்தே தினமும் பத்து நிமிடம் மலாய்ச் செய்தியை உரக்க வாசிக்கவேண்டும். மனதுக்குள் வாசித்தால் நாக்கு பழகாது.

ஆசிரியருக்கு: திங்கட்கிழமை வராதவர்களைத் தனியே குறித்து வையுங்கள். வார இறுதியில் வீட்டில் ஏதோ நடந்திருக்கும்.

அடிக்கடி வீடு மாறுகிறோம். பிள்ளைக்கு என்ன ஆகும்?

தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அறுபதுகளில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது இதே பயம்தான். இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப்பணம் சேர்த்து, தோட்டங்களையே வாங்கினார்.

மாறித்தான் ஆகவேண்டும் என்றால் ஆண்டு முடியும் வரை பழைய பள்ளியிலேயே விடப் பாருங்கள். முடியாவிட்டால் பள்ளி மாற்றுக் கடிதத்தை வாங்காமல் கிளம்பாதீர்கள். இரவோடு இரவாக லாரி ஏறிய குடும்பத்தின் பிள்ளைகள்தான் மாதக்கணக்கில் பள்ளியில்லாமல் இருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமை அத்தையின் தொடர்பு அறக்கூடாது. நேரில் முடியாவிட்டால் அதே நாலு மணிக்கு ஓர் அழைப்பு.

மூத்த மகள் வீட்டையே தாங்குகிறாள். பெருமைப்படலாமா?

ஓரளவு வரை. பொறுப்பு பிள்ளைக்குத் தன்மதிப்பு தருகிறது, காவாய் ஆய்விலும் அது தெரிந்தது. ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் என்று அவள் பள்ளிக்குப் போகாமல் நின்ற நாளிலிருந்து அது சுமை. சோறு வடிப்பது சரி; கடன்காரனுக்குப் பதில் சொல்வது, அம்மாவின் கண்ணீருக்குத் தோள் கொடுப்பது, அப்பாவைத் தவறணையிலிருந்து கூட்டிவருவது அவள் வேலை இல்லை. வேலைகளை எழுதி, பையன்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் அவளை யாரும் கூப்பிடக் கூடாது.

இவன் எதற்கும் அழுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. திடமாகிவிட்டானா?

நாங்கள் அதிகம் கவலைப்படுவது இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். தூக்கம் கெட்டது, பந்து விளையாட்டை விட்டது, பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, ‘நான் இல்லாட்டி நல்லா இருக்கும்’ என்பது — இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 15555 சுகாதார அமைச்சின் உதவி எண்; மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. களைக்கொல்லி, பூச்சி மருந்து எதையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். சோடா போத்தலில் ஊற்றி வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

எஸ்.பி.எம். போச்சு, 19 வயசு. இனி என்ன?

காவாயில் இளவயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் தேறினார்கள். மறுபடி படித்தது, நிலையான வேலை, நல்ல துணை என்று ஏதோ ஒரு இரண்டாம் கதவு திறந்தது. இங்கே அந்தக் கதவு திறன் பயிற்சி. வெல்டிங், குளிர்சாதனம், மின்சாரம் போன்றவற்றை ஐ.எல்.பி. என்னும் தொழில் பயிற்சிக் கழகம், சமூகக் கல்லூரி ஆகிய இடங்களில் படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து மூன்று வரை, பிறகு டிப்ளோமா. விண்ணப்பிக்குமுன் விடுதி உண்டா என்று கேள். தினமும் ஈப்போவுக்கு மோட்டாரில் போய்வருவதில் பாதியிலேயே நின்றவர்கள் நிறைய.

வேலைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

ஒரு தொகையை நிச்சயித்துக்கொள். அதே தொகையை மாதாமாதம் கொடு. சம்பளத்தையே கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அது எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். பணமாகக் கொடுக்காமல், மின்சாரக் கட்டணத்தையும் தங்கையின் வேன் காசையும் நீயே கட்டு. சம்பளம் வரும் கணக்கின் கார்டு உன் கையில் மட்டும் இருக்கட்டும். அப்பாவின் மோட்டார் கடனுக்கும் மாமாவின் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே. அவர்கள் கட்டாவிட்டால் வங்கி உன்னைத்தான் தேடும். கேட்டால், ‘இந்த மாசம் அரிசி மூட்டை மூணு நான் வாங்கிப் போட்டுட்டேன்’ என்று மட்டும் சொல்.